ஃபார்மேட் வேண்டாம், முதலில் கீயைத் தேடுங்கள்

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப். அப்டேட் பாதியில் இருக்கும்போது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. இப்போது விண்டோஸ் வரவே இல்லை, நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போட்டதில்லை. கடையில் ஃபார்மேட் பண்ணினால்தான் சரியாகும் என்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வேடு உள்ளே இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தயவுசெய்து ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். கெட்டிருப்பது விண்டோஸ்தான், உங்கள் ஆய்வேடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் வந்துவிடும், ஆய்வேடு போய்விடும்.

பூட்டு நீங்கள் போட்டதல்ல. பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து முதன்முதலில் உள்ளே நுழையும்போதே விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு டிஸ்க்கைத் தானாக என்கிரிப்ட் செய்துவிடும், அதாவது கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால், ஹோம் எடிஷனில்கூட இப்படித்தான். நல்லவேளையாக, அப்போதே கீயும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுவிடும். எனவே போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு பொருந்துவதுதான் உங்களுடையது. இல்லையென்றால், லேப்டாப் வாங்கிய அன்று யார் அதை செட்டப் செய்தார்கள் என்று யோசியுங்கள், அண்ணனுடைய கணக்கிலோ அப்பாவுடைய கணக்கிலோ இருக்கலாம். கல்லூரி கொடுத்த லேப்டாப் என்றால் அங்குள்ள ஐடி பிரிவைக் கேளுங்கள்.

கடையில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை செட்டிங் பகுதி) செக்யூர் பூட் மாதிரி எதையாவது மாற்றினார்களா என்றும் விசாரியுங்கள். பூட்டைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருக்கிறது, செட்டிங் மாறினால் அது சந்தேகப்பட்டுக் கீ கேட்கும். பழைய செட்டிங்கையே திரும்ப வைத்ததும் கேட்காமல் திறந்துவிடுவதும் உண்டு. ஆனால் டிபிஎம்மை கிளியர் செய்ய, அதாவது அதிலுள்ள சாவியை அழிக்க, மட்டும் விடாதீர்கள்.

கீ கிடைத்துவிட்டதா? உடனே ரிப்பேரில் இறங்கவேண்டாம், முதலில் காப்பி எடுங்கள். ரெக்கவரி திரையில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை டைப் செய்யும் கறுப்பு ஜன்னல்) திறந்தால் கீ கேட்கும், கொடுங்கள். அப்புறம் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, வரும் ஜன்னலில் ஃபைல், ஓபன் போங்கள். கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் தெரியும், ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்துவிடலாம். சி டிரைவ் அங்கே வேறு எழுத்தில் தெரியலாம், பதற வேண்டாம். ஆய்வேட்டை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அதற்கப்புறம் ஸ்டார்ட்அப் ரிப்பேர், சரியாகவில்லை என்றால் கடைசி அப்டேட்டை அன்இன்ஸ்டால் செய்வது. அதுவும் உதவவில்லை என்றால் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்து ரீசெட். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

டிஸ்க்கே பழுதாகியிருந்தால் ரிப்பேர்-பிடிஇ என்ற கருவி இருக்கிறது. அது மீட்டதை இன்னொரு டிஸ்க்கில் எழுதும், அந்த டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடும், எனவே காலி டிஸ்க்கைக் கொடுங்கள். அதற்கும் கீ வேண்டும். கீ இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் முன்பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். கீ இன்று கிடைக்கவில்லை என்றாலும் டிஸ்க்கை அழிக்காமல் எடுத்து வையுங்கள், மறந்துபோன பழைய கணக்கு ஒன்று பிறகு நினைவுக்கு வரலாம்.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால் பிட்லாக்கரை அணைத்துவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வெளியே எடுத்துப்போகும் லேப்டாப் என்றால் வேண்டாம், திருடுபோனால் உங்கள் ஃபைல்களைக் காப்பது அதுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோதும், கீயைக் கையில் வைத்திருந்த நிறுவனங்களால் பூட்டைத் திறந்து சரிசெய்ய முடிந்தது. இன்றே கீயைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் ஃபைலில் வையுங்கள், லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.