எலக்ட்ரிக் சைக்கிளைப் பொது இடத்தில் நிறுத்திவிட்டுப் போகும்போது திருடு போகாமல் காப்பது எப்படி?

"அலுவலகத்துக்கு எலக்ட்ரிக் சைக்கிளில் போய்வர ஆசை. ஆனால் நாள் முழுக்க அதைத் தெருவோரம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், நான் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் அந்த நிம்மதி வருவதற்கு முன்னால் ஒரு பேட்டரியைப் பறிகொடுத்தேன்.

சைக்கிள் வாங்கிய கையோடு நல்ல யு-பூட்டு (U எழுத்து வடிவ எஃகுப் பூட்டு) ஒன்றும் வாங்கியிருந்தேன். ஒரு நூலகத்து வாசலில், தரையில் கான்கிரீட் போட்டு இறுக்கிய கம்பியோடு ஃபிரேமைச் சேர்த்துப் பூட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் சைக்கிள் அப்படியே நிற்கிறது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. ஏறி உட்கார்ந்து ஸ்விட்சை அழுத்தினேன், டிஸ்பிளே எரியவில்லை. குனிந்து பார்த்தால் பேட்டரி இருந்த இடம் காலி. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பிய தடம் மட்டும் பிளாஸ்டிக்கில் இருந்தது. மோட்டார் துணையில்லாமல் அந்தக் கனமான வண்டியை வீடுவரை மிதித்துக்கொண்டு வந்தேன். கால் வலியைவிட மனவலிதான் அதிகம்.

நான் சைக்கிளை ஒரே பொருளாக நினைத்துப் பூட்டியிருந்தேன். எடுத்தவனுக்கு அது நாலைந்து பொருள். பேட்டரி, மோட்டார் உள்ள சக்கரம், டிஸ்பிளே, சீட், ஃபிரேம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. அதனால் முதலில் உங்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எது எது கருவியே இல்லாமல் கழலும், எதற்கு ஆலன் கீ வேண்டும், எதற்கு ஸ்பேனர் வேண்டும் என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உங்களுக்குச் சுலபமாகக் கழல்வது இன்னொருவருக்கும் சுலபமாகத்தான் கழலும்.

பேட்டரி கழல்கிற வகை என்றால் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அதற்கென்று இருக்கிற சின்னச் சாவிப்பூட்டு, ஓட்டும்போது பேட்டரி நழுவாமல் இருக்க உதவும். நெம்புகிறவன் முன்னால் அது நிற்காது. 36 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பவை விரல் பருமனுள்ள உருளை செல்கள். பத்து செல்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், அப்படிப்பட்ட வரிசைகள் சில சேர்ந்ததுதான் முழு பேட்டரி. பிரித்துவிட்டால் எந்த செல் யார் வண்டியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். எடை பெரும்பாலும் இரண்டரையிலிருந்து நாலு கிலோ. தோளில் பை இருந்தால் சுமக்கலாம். பையில் வைக்கும்போது மின்முனைகளில் சாவிக்கொத்தோ சில்லறைக் காசோ படாதபடி தனி உறையில் போடுங்கள், ஷார்ட் ஆனால் ஆபத்து. கூடவே ஒரு நன்மையும் உண்டு. லித்தியம் செல்களுக்குச் சூடு ஆகாது. வெயிலில் காய்வதைவிட உங்கள் மேசைக்குக் கீழே நிழலில் இருந்தால் அதன் ஆயுள் கூடும். மழை நாளில் ஃபிரேமில் தெரியும் இணைப்புமுனைகளை ஒரு ரப்பர் மூடியால் மூடிவிடுங்கள்.

அடுத்தது இடம். பூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பூட்டுகிற கம்பியை யாரும் பார்ப்பதில்லை. நான் இப்போது எந்தக் கம்பியானாலும் முதலில் கையால் உலுக்குவேன். அடியில் நாலு போல்ட்டில் நின்றால் அந்த நாலு போல்ட்டையும் கழற்றலாம். அண்ணாந்தும் பார்ப்பேன், ஏனென்றால் உச்சியில் தடுப்பு எதுவும் இல்லாத குட்டையான கம்பமாக இருந்தால் பூட்டோடு சேர்த்து சைக்கிளைத் தூக்கி உருவிவிடலாம். எலக்ட்ரிக் சைக்கிள் இருபது கிலோவுக்கு மேல் இருக்குமே, யார் தூக்குவார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேர் போதும். கம்பியில் ஸ்டிக்கரோ டேப்போ சுற்றியிருந்தால் அதை விரலால் தடவிப் பாருங்கள். முன்கூட்டியே ரம்பத்தால் அறுத்துவிட்டு, வெட்டு தெரியாமல் இருக்க மேலே ஒட்டிவைக்கும் வேலையும் நடக்கிறது. வலைக்கம்பி வேலி, மெல்லிய கைப்பிடிக் கம்பி, சின்ன மரம் இவற்றை நான் தொடுவதே இல்லை.

ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடம் நல்லதுதான். ஆனால் ஒருவன் கூச்சமில்லாமல் நின்று அறுத்தால், அது அவனுடைய சைக்கிள், சாவி தொலைந்திருக்கும் என்று நினைத்துக் கூட்டம் கடந்துபோய்விடும். அதனால் கூட்டத்தை நம்பிப் பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். தினமும் அதே இடத்தில் அதே நேரத்தில் நிறுத்தினால், எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள் என்பதுவரை கவனிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று இடங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வெளியில் விடவே விடாதீர்கள்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். கேபிள் பூட்டைக் கைக்கட்டரால் சில விநாடிகளில் நறுக்கிவிடலாம். முன்சக்கரத்தை ஃபிரேமோடு பிணைக்கும் துணைப்பூட்டாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியப் பூட்டு கடினப்படுத்திய எஃகில் செய்த யு-பூட்டாகவோ தடிமனான சங்கிலியாகவோ இருக்க வேண்டும். பூட்டின் கம்பி 16 மில்லிமீட்டர் தடிமனுக்குப் போனால் கையால் இயக்கும் போல்ட் கட்டர் திணறும். ஆனால் சுழலும் தட்டால் எஃகை அறுக்கும், பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் வந்தபிறகு சாதாரண யு-பூட்டு ஒரு நிமிடம் நின்றாலே அதிகம். அதற்கென்றே கிரைண்டர் தட்டைத் தேய்த்துத் தீர்க்கும் பூட்டுகளை ஹிப்லாக், லைட்லாக் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. விலையும் எடையும் கூடுதல். நாள் முழுக்க வெளியில் நிற்கப்போகும் வண்டி என்றால் அந்தச் செலவு தகும் என்பது என் எண்ணம். விளம்பரத்தைப் பார்த்து வாங்காமல், பிரிட்டனின் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தின் ஏஆர்டி போன்ற அமைப்புகள் சோதித்துக் கொடுத்த தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். 2004-ல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் பெயர்பெற்ற யு-பூட்டுகள் சிலவற்றைப் பிளாஸ்டிக் பால்பாயிண்ட் பேனாவின் உடலைச் செருகியே திறக்கலாம் என்று தெரியவந்து, நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எஃகு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன, சாவித்துளை ஏமாற்றிவிட்டது.

எப்படிப் பூட்டுவது? அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய ஒரு முறை உண்டு. ஃபிரேமின் பின்புற முக்கோணத்துக்குள்ளே வரும் பின்சக்கரத்தின் ரிம்மையும் கம்பியையும் சேர்த்து யு-பூட்டைப் போடுவது. பூட்டு ஃபிரேமைச் சுற்றாவிட்டாலும், ரிம்மை அந்த முக்கோணத்துக்கு வெளியே உருவ முடியாது, அதனால் ஃபிரேமும் நகராது. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் (ஹப் மோட்டார்) உள்ள வண்டிக்கு இது இன்னும் பொருத்தம், ஏனென்றால் விலையுயர்ந்த சக்கரமே பூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஆனால் எலக்ட்ரிக் சைக்கிளின் டயர் பருமனானது. சின்ன யு-பூட்டு சுற்றி வராமல் போகலாம். பூட்டு வாங்கப் போகும்போது வண்டியையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். அதற்காக மிகப் பெரிய பூட்டாகவும் எடுக்காதீர்கள். பூட்டுக்குள் இடைவெளி எவ்வளவு மிச்சமோ, ஜாக்கியோ கடப்பாரையோ நுழைய அவ்வளவு வசதி. பூட்டு தரையைத் தொடக் கூடாது. தரையில் கிடந்தால் சுத்தியலுக்கு அதுவே பட்டறைக்கல்லாகிவிடும்.

சக்கரத்திலும் சீட்டிலும் நெம்புகோலைத் திருப்பினால் கழலும் குயிக் ரிலீஸ் இருந்தால் சாதாரண போல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்பிளே கழலுமானால் அதுவும் பைக்குள் போகட்டும்.

இருப்பிடம் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லையான ஏர்டேக் போன்றவற்றை மறைத்து வைப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். வையுங்கள், ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்கட்டும். ஏர்டேகில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகும் ஆப்பிள் சாதனங்கள் வழியாகத்தான் இருப்பிடம் தெரியும். யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, அறியாத ஏர்டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் ஃபோனுக்கே எச்சரிக்கை போகலாம். சிம் உள்ள ஜிபிஎஸ் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை, மாதக் கட்டணமும் சார்ஜும் வேண்டும். எதுவானாலும், வரைபடத்தில் புள்ளி தெரிகிறது என்று தனியாகக் கிளம்பிப் போய்விடாதீர்கள். காவல்துறையிடம் காட்டுங்கள். போஷ் போன்ற மோட்டார்களில் செயலி வழியாக மோட்டார் துணையை முடக்கும் வசதி இருக்கிறது. இருந்தால் போட்டுவிடுங்கள், திருடியதை விற்பதாவது கடினமாகும்.

கடைசியாக, என்னிடம் அன்று இல்லாத ஒன்று: பேட்டரியின் தொடர் எண். புகார் எழுதும்போது எந்த பேட்டரி என்று கேட்டார்கள், கறுப்பு நிறம் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. பெடல் அச்சுக்குக் கீழே பெரும்பாலும் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். அதையும் பேட்டரி எண்ணையும் ரசீதையும் படமெடுத்து வையுங்கள். சாவிகளில் இருக்கும் எண்ணை மட்டும் தனியாக எழுதி வீட்டில் வையுங்கள். சாவி தொலைந்தால் அந்த எண்ணைக் கொண்டே மறுசாவி வாங்கலாம். அதே காரணத்தால், புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் சாவியும் தெரியும்படி படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.