‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’: எந்தப் பதிப்பை வாங்குவது?

கேள்வி: ‘தி பேண்ட்’ ராக் குழுவின் முதல் ஆல்பத்தை எல்பி ரெக்கார்டாக வாங்க ஆசை. 1968-இல் வந்த பழைய தட்டு, ஒரே தட்டில் சாதாரண மறுபதிப்பு, இரண்டு தட்டுகளில் 50-ஆம் ஆண்டுப் பதிப்பு, அதற்கு மேல் ஒரு பெரிய பெட்டி என்று பல இருக்கின்றன. ‘தி வெயிட்’ பாட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஒரு விற்பனையாளர், ஆல்பம் முழுக்க அதன் பெயரில் வரும் ‘பிக் பிங்க்’ வீட்டிலேயே பதிவானது என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: ஒரே தட்டில் வரும் சாதாரண மறுபதிப்பை வாங்குங்கள். பழைய மிக்ஸ்தானா (மிக்ஸ் என்றால் பதிவான குரல்களையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலந்த விதம்) என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அட்டையிலோ ஸ்டிக்கரிலோ 2018 என்றோ 50-ஆம் ஆண்டு என்றோ இருந்தால் அது புது மிக்ஸ்.

2018 பதிப்புக்காக ஒலிப் பொறியாளர் பாப் கிளியர்மவுன்டன் மூல டேப்புகளிலிருந்து எல்லாப் பாட்டையும் புதிதாக மிக்ஸ் செய்தார். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் துலங்குகிறது. ஸ்டூடியோவில் பேசிக்கொண்டதுகூட அங்கங்கே காதில் விழும். ஏற்கெனவே இந்த ஆல்பத்தில் ஊறியவர்களுக்கு அது விருந்து. முதல் முறை கேட்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கன்ட்ரி, காஸ்பல், சோல், ரிதம் அண்ட் புளூஸ் என்ற இசை வகைகள் எல்லாம் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கலந்திருப்பதுதான் இந்த ஆல்பத்தின் உயிர். ரிச்சர்ட் மேனுவல், ரிக் டேங்கோ, லீவான் ஹெல்ம் என்று மூன்று பாடகர்கள். இன்னார்தான் முன்னணி என்று கிடையாது. ஒருவர் குரல் முடியுமுன் இன்னொருவர் உள்ளே வந்துவிடுவார். தயாரிப்பாளர் ஜான் சைமனின் பழைய மிக்ஸில் அந்த நெருக்கம் அப்படியே இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் இரண்டு மிக்ஸும் உண்டு. ‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’ பாட்டை இரண்டிலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

‘தி வெயிட்’ மாதிரியே பதினொரு பாட்டும் இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். ராக் ஆல்பம் என்றால் துள்ளலாகத் தொடங்கும். இது அந்த ‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’ஜின் மெதுவான துயரத்தோடு தொடங்குகிறது. ‘செஸ்ட் ஃபீவர்’ பாட்டின் ஆரம்பத்தில் குழுவின் கார்த் ஹட்சன் லோரி நிறுவன ஆர்கனில் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையைத் தொட்டுவிட்டு எங்கோ போய்விடுவார். நடுவில் ‘லாங் பிளாக் வெயில்’, லெஃப்டி ஃப்ரிசெல் 1959-இல் பாடிய கன்ட்ரி பாட்டு. பொறுமையாகக் கேட்டால் பிடித்துப்போகும் ஆல்பம் இது.

இரண்டு தட்டுப் பதிப்பு நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடுவது. உங்கள் டர்ன்டேபிளில் அந்த வேகம் இருக்கிறதா பாருங்கள். சுமார் 42 நிமிட இசைக்கு மூன்று முறை எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும். பெட்டியில் சிடி, புளூ-ரே, புத்தகம் எல்லாம் உண்டு. புளூ-ரேயில் உள்ள 5.1 மிக்ஸை (சுற்றிலும் பல ஸ்பீக்கர்களில் கேட்பதற்கானது) கேட்க வசதி இல்லாதவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

விற்பனையாளர் சொன்னது தவறு. நியூயார்க் மாநிலம் வெஸ்ட் சாகர்டீஸில் இருக்கும் அந்த வீட்டில் 1967-இல் பாடகர் பாப் டிலனோடு சேர்ந்து வாசித்தார்கள், பாட்டுகள் உருவாயின. ஆல்பம் பதிவானது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில். ஆல்பத்தின் பெயரால் வரும் குழப்பம் இது, விற்பவர் தெரியாமலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் காட்டி விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள்.

1968 தட்டின் மேல்தான் மனம் என்றால், முன் அட்டையில் டிலன் வரைந்த ஓவியம் மட்டும் இருக்கும். குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ இருக்காது. பல மறுபதிப்புகளிலும் அதே அட்டைதான், அதனால் அதை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது. லேபிள், லேபிளைச் சுற்றி வழவழப்பான பகுதியில் பொறித்திருக்கும் எழுத்துகள், தட்டின் இரு பக்கமும் வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த படங்கள், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். முதல் பாட்டின் தொடக்கத்தை ஓடவிட்டு ஒரு வீடியோவும் கேளுங்கள். அமைதியான பாட்டு, கீறல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.