கோப்பும் கடிதமும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நான்கு வயது. பேச்சுத் தாமதம். ஓராண்டாகப் பயிற்சிக்குப் போகிறான். இப்போது இரண்டு, மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்கிறான். ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் பள்ளியில் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். "மூச்சு விடாதே, முத்திரை குத்திவிடுவார்கள்" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

முத்திரை விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது சரி. என் மகளின் மருத்துவக் கோப்பு முழுவதையும் பள்ளி அலுவலக மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவன் நான். ஒரு மாதம் கழித்து வேனில் வரும் ஆயா என் மனைவியிடம், "பாப்பா பிறந்ததும் அழவே இல்லையாமே?" என்று கேட்டார். கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த வரி அது.

பயிற்சி நிலையத்தில் முதல் நாள் என்னவெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்று எடுத்துப் பாருங்கள். சொந்தத்தில் திருமணமா, முன்பு கரு கலைந்ததுண்டா, எத்தனையாவது மாதத்தில் பிரசவம். பெயர்தான் பிள்ளையுடையது, பாதிக் கோப்பு உங்கள் கதை. சிகிச்சை தருபவருக்கு அது வேண்டும். அகரம் சொல்லித் தருபவருக்கு எதற்கு?

அதற்காக மறைத்துவிடாதீர்கள். விவரம் தெரியாத ஆசிரியைக்குப் பதில் சொல்லாத பிள்ளை அடம்பிடிக்கும் பிள்ளையாகத்தான் தெரிவான். பயிற்சி தருபவரிடமே ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். எவ்வளவு புரிந்துகொள்கிறான், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் எப்படிக் கேட்பான், கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எல்லார் முன்னாலும் நிறுத்திப் பாட்டுச் சொல்லச் சொல்லலாமா. இவ்வளவு போதும். நாங்கள் இதைச் செய்தது இரண்டாம் ஆண்டில். புத்தி தாமதமாகத்தான் வந்தது.

ஒரே விதிவிலக்கு செவித்திறன் அறிக்கை. அதை அப்படியே கொடுங்கள். இன்னும் பரிசோதிக்கவில்லை என்றால் ஜூனுக்கு முன் முடித்துவிடுங்கள். நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால் சளி பிடித்த வாரம் மந்தமாகவும் மற்ற நாட்களில் நன்றாகவும் கேட்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்பதே இதைப் பொறுத்தது. குழந்தைகளின் உடல்நலக் குறைகளைக் கண்டறிய 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் செவித்திறனும் மொழித் தாமதமும் அடக்கம். அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள், செலவில்லை.

விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்களாக டிக் செய்ய வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாடு என்று சொல்வது நிரந்தரமானதை. தாமதம் வேறு. நாளை அப்படியே ஒரு சான்றிதழ் தேவைப்பட்டாலும், அதைக் காட்டி அங்கீகாரம் பெற்ற பள்ளி இடம் மறுக்க முடியாது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு பாகுபாடின்றிச் சேர்க்கச் சொல்கிறது.

கடிதத்தை வகுப்பாசிரியையின் கையிலேயே கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். தேதி போடச் சொல்ல மறக்காதீர்கள். தீபாவளிக்குள் அவன் நான்கைந்து சொற்களுக்குப் போயிருப்பான்; அப்போது பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று கொடுத்துவிடுங்கள்.