ஸ்பின் பாஸ் ஏன் தள்ளாடுகிறது?

கிளிநொச்சியில் றக்பி பழகும் தம்பி, இடப்பக்கம் எறியும் ஸ்பின் பாஸ் (பந்தைச் சுழலவிட்டு எறிவது) தள்ளாடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இரு கைகளாலும் சுழற்றப் பார்ப்பதே காரணம். இடப்பக்கம் எறியும்போது சுழற்றுவது வலக்கை மட்டுமே. அதன் விரல்களை விரித்து, பந்தின் பின்பாதியில் தையலுக்குக் குறுக்கே வையுங்கள்; உள்ளங்கை அழுத்தக்கூடாது. இடக்கை முன்பாதியைத் தாங்கித் திசை காட்டட்டும்.

வலது இடுப்பருகிலிருந்து உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து, மணிக்கட்டை உருட்டி விரல்நுனியால் விடுங்கள். விடும்போது பந்தின் மூக்கு, அதாவது கூரான முன்முனை, வாங்குபவரை நோக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கினால் பந்து தள்ளாடும். எறிந்தபின் விரல்களும் அவரையே காட்டட்டும்.

முதலில் 5 மீற்றர், நேரானதும் 10. செம்மண் புழுதி ஒட்டினால் பிடி வழுக்கும், அடிக்கடி துடையுங்கள். மிகக் கிட்ட நிற்பவருக்குச் சுழற்றாத சாதாரண பாஸ்தான் நல்லது, பிடிக்க இலகு.