கடைக்கண்ணால் பார், தம்பி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கிறேன். இரவானால் செம்பனைக் காட்டோரம் பைனாகுலரோடு நிற்பேன். அதனால் எனக்கு வரும் கேள்விகளும் இரண்டு வகை.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவர்): அண்ணே, மங்கலான நட்சத்திரக் கூட்டம் எங்க லயத்திலிருந்து தெரியுமா? ஆலை விளக்கு கண்ணைக் கூசுது.

பதில்: தெரியும். ஒரு செம்பனை மரத்தால் விளக்கை மறைத்துக்கொண்டு நில். கைப்பேசியைத் தொடாமல் அரை மணி நேரம் இருட்டில் இரு. பிறகு நேராகப் பார்க்காதே, கடைக்கண்ணால் பார். மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் விழித்திரையின் நடுமையத்தில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. மே மாதம் பத்து, பதினொரு மணிக்குத் தெற்கே 38 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் பஞ்சுத் துளிபோல் நிற்கும். முதலில் அதில் பழகு. இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு 4 பாகை தெற்கே எம் 41 என்ற இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதைத் தைப்பூசத்தன்று மட்டும் தேடாதே, முழுநிலா விழுங்கிவிடும்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): இன்னும் கண்டுபிடிக்காத நட்சத்திரக் கூட்டம் மிச்சம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, டீச்சர். அதே சிரியஸின் பக்கத்திலேயே, நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஒரு கூட்டம் ஒளிந்திருந்தது. சிரியஸின் ஒளிக் கூச்சத்தில் யார் கண்ணிலும் படவில்லை. நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவிலிருந்துதான் 2017இல் பிடிபட்டது. பெயரும் கையா 1.

இப்போது தேடுவது கண்ணால் அல்ல, நகர்வால். பத்துமலையில் தைப்பூசக் கூட்டத்தில் எல்லாரும் மஞ்சள் துணிதான். நம் தோட்டத்து ஆட்களை எப்படி அடையாளம் காண்கிறோம்? ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். நட்சத்திரமும் அப்படித்தான். 2018இல் கையா 130 கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் நகர்வை வெளியிட்டது. தரவு இலவசம், டாப்கேட் என்ற மென்பொருளும் இலவசம். வானில் ஒரு சிறு துண்டை எடுத்து நகர்வை வரைபடமாக்கினால் எங்காவது புள்ளிகள் குவியும். அவற்றின் தூரமும் ஒத்துப்போகிறதா, நிறமும் பிரகாசமும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு பழைய பட்டியலில் தேடுங்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே பெயர் வைத்த கூட்டமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான்.

கேள்வி (ஓர் அம்மா): தம்பி, மகன் கேமுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) விலையில் லேசான மௌஸ் கேட்கிறான். லேசாக இருந்தால் விளையாட்டு வந்துவிடுமா?

பதில்: வராது அக்கா, மணிக்கட்டு சீக்கிரம் அலுக்காது, அவ்வளவுதான். 60 கிராம் அளவில் இருந்தால் போதும். எடைக்கு முன் அவன் கையை அளந்து பாருங்கள். உள்ளங்கை முழுதும் படியப் பிடிக்கிறானா, விரல் நுனியால் பிடிக்கிறானா என்று பார்த்து வாங்குங்கள். 26,000 டிபிஐ (மௌஸ் அசைவை எவ்வளவு நுணுக்கமாக உணர்கிறது என்ற எண்) என்பதெல்லாம் பெட்டிக்கு அழகு, 800 போதும். மேலே தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டது வேண்டாம். நம்ம ஊர் வியர்வையும் தூசியும் உள்ளே போய்விடும், சுத்தம் செய்யக் கடைசியில் என்னிடம்தான் வருவீர்கள்.

கேள்வி: வயர்லெஸ் மௌஸ் கனக்குது. வேறு வாங்கணுமா?

பதில்: உள்ளே ஏஏ பேட்டரியா? சாதாரண அல்கலைன் 23 கிராம். லித்தியம் போட்டால் 15. முதலில் அதை மாற்று.

கேள்வி: டாப்கேட்டில் கூட்டம் தேடவும் லேசான மௌஸ் வேணுமா, அண்ணே?

பதில்: புள்ளிகளைச் சுற்றி ஒரு வட்டம் போடத்தானே? என்னுடையது வயர் வைத்த பழசு. மிச்சக் காசுக்கு ஒரு 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் வாங்கு.