பாயிண்ட் வெளியே போகுமா? திறந்த மூல மென்பொருள்: கேள்வி பதில்

பாம்பன், நாட்டுப்படகு: அண்ணே, கணவாய் மீன் படும் பார்களை (கடலடிப் பாறைத் திட்டுகளை) எல்லாம் போனில் பாயிண்ட் குறித்து வைக்க வேண்டும். ஆஸ்மேண்ட் என்ற வரைபட ஆப் திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், அதனால் நம்பலாம் என்கிறார்கள். என் பாயிண்ட் அடுத்தவன் கைக்குப் போகாதா?

பதில்: தம்பி, கடலில் ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது. நெட் தேவையில்லை. வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி, நெட் இருக்கும்போதே ஒருமுறை இடம் பிடிக்க வையுங்கள். இல்லாவிட்டால் முதல்முறை சில நிமிடம் இழுக்கும். பொறுக்காமல் அணைத்து அணைத்துப் போட்டால் இன்னும் தாமதமாகும். கரைக்கு வந்து நெட்டைத் திறந்த பிறகு ஆப் என்ன செய்யும் என்பதற்கு மூலநிரல்தான், அதாவது ஆப்பை எழுதிய வரிகள்தான் சாட்சி. எதை எங்கே அனுப்புகிறது என்று தெரிந்தவர் யாரும் வரி வரியாகப் பார்க்கலாம். மூடிய ஆப்பில் நிறுவனத்தின் வாய்வார்த்தை மட்டுமே கையில் இருக்கும். க்ளவுட் பேக்கப்பை நீங்களே ஆன் செய்தால் பாயிண்ட் போகத்தான் செய்யும்.

திறந்த மூல ஆப்களுக்கான கடையான எஃப்-ட்ராய்டில் இருந்து இறக்குவது நல்லது. அங்கே பெரும்பாலான ஆப்களை மூலநிரலில் இருந்து அவர்களே தொகுக்கிறார்கள், அதாவது போனில் ஓடும் ஆப்பாக மாற்றுகிறார்கள். அதே ஆப்பை முன்பே பிளே ஸ்டோரில் இருந்து போட்டிருந்தால், ஆப்பை வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம் மாறுவதால் அதன்மேல் ஏறாது. அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். அழிக்கும் முன் பாயிண்டுகளை ஜிபிஎக்ஸ் என்ற இடக்குறிப்புக் கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். மறந்தால் அத்தனையும் போச்சு.

கீழக்கரை, பிரவுசிங் சென்டர்: விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் திறந்த மூல இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இறக்கினேன். கோப்பு அசல்தானா?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்தையே உடைத்து, பதிவிறக்கச் சுட்டியை நச்சுக் கோப்புக்குத் திருப்பினார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil) கட்டளையால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 எண்ணை எடுத்து, தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு 64 எழுத்தையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் இடையில் நெட் அறுந்திருக்கும், மறுபடி இறக்குங்கள். ஆனால் ஒப்பிடும் அந்த எண்ணும் அதே தளத்தில்தான் இருக்கிறது, தளத்தை உடைத்தவன் அதையும் மாற்றலாம். ஆகவே உடன் வரும் ஜிபிஜி (வெளியிட்டவரின் டிஜிட்டல்) கையொப்பத்தையும் சரிபார்த்தால்தான் வேலை முழுமை.

தொண்டி, ஆசிரியை: எல்லாரும் பார்க்கலாம் என்றால் கெட்டவனும் உள்ளே வரலாமே?

பதில்: வந்திருக்கிறான் டீச்சர். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளத்தனமாக நுழையும் வழி) வைத்தவன், இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பங்களிப்பாளனாகப் பழகியவன். கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்துக் குடைந்ததால் 2024 மார்ச்சில் பிடிபட்டது. பின்கதவைத் திறக்கும் கட்டளை வரிகள் மூலநிரலை எல்லாரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் (மூலநிரலைக் கட்டித் தரும் பொதியில்) மட்டும் இருந்தன. அந்த வரிகளை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க அவனுக்கே துணிச்சல் இல்லை. வெளியான தொகுப்பு அந்த மூலநிரலில் இருந்துதான் வந்ததா என்று எவரும் மறுபடி தொகுத்துப் பார்க்க முடிய வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழு இதற்காகத்தான் வருடக்கணக்கில் உழைக்கிறது.

மண்டபம், விசைப்படகு: அந்த ஆஸ்மேண்ட் வரைபடத்தில் உள்ள இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நம்பிப் போகலாமா?

பதில்: கூடாது. நிரல் நேர்மையாக இருந்தாலும் கோடு தன்னார்வலர் வரைந்தது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் எல்லை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாகவே இருக்கிறது. அவற்றை நீங்களே பதியுங்கள். 9 டிகிரி 30 மினிட் என்பது 9.5, 9.30 அல்ல. மாற்றிப் போட்டால் 12 கடல்மைல் தள்ளிப் போகும்.