படம் முடிந்ததும் வகுப்பு முழுவதும் ஒரே பக்கம் நிற்பது ஏன்?

கேள்வி: செவிலியர் கல்லூரியில் மருத்துவ அறநெறி கற்பிக்கிறேன். கருணைக்கொலை, உறுப்பு தானம் போன்ற பாடங்களுக்குத் திரைப்படம் காட்டினால் மாணவர்கள் ஆர்வத்துடன் பார்க்கிறார்கள். ஆனால் விவாதத்தில் ஏறக்குறைய அனைவரும் கதாநாயகனின் பக்கமே பேசுகிறார்கள். படம் காட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், ‘நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று விவாதத்தைத் தொடங்குவதை மட்டும் கைவிடுங்கள். ஒரு படம் எந்தத் தரப்பை ஆதரிக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். வேண்டுமானால் அவர் அதை மறுக்கவும் செய்வார். நெருக்கடியை உண்டாக்குவதற்காகக் கதை எந்தெந்த வழிகளை முன்கூட்டியே அடைத்துவிட்டது என்பதுதான் அவர் கண்ணில் படுவதில்லை. கருத்து உருவாவது பெரும்பாலும் அங்கேதான்.

2004இல் வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ‘மில்லியன் டாலர் பேபி’யில், கழுத்துக்குக் கீழே செயலிழந்து வென்டிலேட்டரின் துணையால் சுவாசிக்கும் குத்துச்சண்டை வீராங்கனை தன் உயிரைப் போக்கிவிடும்படி பயிற்சியாளரிடம் மன்றாடுகிறார், அவரும் இரவில் யாருமறியாமல் அதைச் செய்கிறார். கதை நிகழும் அமெரிக்காவிலோ, தெளிந்த மனநிலையில் உள்ள நோயாளி வென்டிலேட்டர் வேண்டாமென்று மறுக்கலாம் என்பது அப்போதே சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமை. அந்த உரிமையைப் பற்றி எவரும் வாய் திறந்திருந்தால் இரவில் திருட்டுத்தனமாக நுழைய வேண்டிய தேவையே எழுந்திராது. இப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல் என்ற எண்ணத்தைப் படம் விதைக்கிறது என்று மாற்றுத்திறனாளி உரிமை அமைப்புகள் கண்டித்ததும் நினைவுகூரத்தக்கது. படத்தின் கலைத்தரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது நன்றாக எடுக்கப்பட்டிருப்பதால்தான் சட்டப் பிழை யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

மருத்துவத் தகவல்களிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்மீட்பு சிகிச்சை) பெற்ற பாத்திரங்களில் சுமார் முக்கால் பங்கினர் உடனடியாகப் பிழைத்துக்கொண்டனர். மருத்துவமனையிலேயே இதயம் நின்றவர்களில்கூட உயிரோடு வீடு திரும்புவோர் உண்மையில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. கோமாவைச் சித்திரித்த, 1970 முதல் 2004 வரையிலான 30 படங்களை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு, இரண்டு மட்டுமே ஓரளவு நம்பத்தக்கவை என்றது. திரையில் உடல் மெலியாமல் உறங்கி, ஒரு நாள் கண் விழித்துத் தெளிவாகப் பேசும் நோயாளியைப் பார்த்துப் பழகிய குடும்பம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதையே எதிர்பார்க்கும். உங்கள் மாணவர்கள் நாளை பேசவேண்டியது அந்தக் குடும்பத்தோடுதான்.

ஆகவே, திரையிடலுக்கு முந்தைய நாளே ஒவ்வொருவரின் நிலைப்பாட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுக் காட்சிக்கு முன் படத்தை நிறுத்தி, அந்த நோயாளிக்குச் சட்டப்படியும் மருத்துவப்படியும் திறந்திருந்த வழிகள் யாவை, அவற்றில் எவை திரையில் வரவேயில்லை என்று தேடச் சொல்லுங்கள். பிறகு அதே இரவை, பணியிலிருந்த செவிலியரின் குறிப்பேடாக எழுதச் சொல்லலாம். படங்களில் செவிலியர்கள் பெரும்பாலும் பின்னணியில் நடமாடுவோராகவே இருப்பதால், இந்தப் பயிற்சி மாணவர்களை வேறொரு கோணத்துக்கு எளிதில் நகர்த்தும். மரபணுத் தேர்வு, நகலாக்கம் (குளோனிங்) போன்ற எதிர்காலக் கதைகளுக்கு இவ்வளவு சரிபார்ப்பு தேவையில்லை. நோய் வருவதற்கான சாத்தியக்கூறு மாற்றவே முடியாத விதியாகக் காட்டப்படுகிறதா என்று கேட்டாலே போதும்.

முடிவுக் காட்சியைக் கடைசியாகக் காட்டிவிட்டு, முதல் நாள் எழுதிய தாளைத் திருப்பிக் கொடுங்கள். கருத்து மாறியவர்கள், தங்களை மாற்றியது புதிதாக அறிந்த தகவலா, அல்லது நடிகரின் முகமும் பின்னணி இசையுமா என்று அதன் கீழேயே எழுதட்டும்.